தாளத்துக்கு இடங்கொடுக்கும் பொறி

பாட்டை எழுத்தில் பிடித்து வைக்க முடியுமா என்பது நம் நாட்டில் பழைய கேள்வி. எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலை வெளியிட்டார். சுரத்தை மட்டும் எழுதிவிட்டால் பாட்டு ஆகிவிடாது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே ஓடும் அசைவையும் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே கமகங்களுக்கென்று தனித்தனியே குறிகளை வகுத்து, சுரங்களின் மேல் அவற்றை இட்டு அச்சேற்றினார். எழுத்து போதவில்லை என்று கண்டபோது அவர் பாட்டைக் குறைக்கவில்லை, எழுத்தைப் பெருக்கினார். இன்று நான் சொல்லப் போகும் செய்தி முழுவதும் இந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம்.

அந்தப் பழைய கேள்வி இப்போது வேறு உருவத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வந்து நிற்கிறது. கணிப்பொறியில் இசையமைக்க விரும்பும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அதற்கான மென்பொருள்களுள் 'டிராக்கர்' என்பது ஒரு வகை. சிறியது, எளிய பொறியிலும் ஓடக்கூடியது, பெரும்பாலும் இலவசமாகவே கிடைப்பது. ஆனால் டிராக்கர் என்ற ஒரே பெயரில் பல உண்டு. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தப் பொருளில் ஈடுபாடு உண்டானது இயல்பே. ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் சொல்லும்போது, அந்த மற்றொரு மொழியில் எதற்குச் சொல் இல்லையோ அதுதான் முதலில் உதிர்ந்து போகிறது. உதிர்ந்தது தெரியாமல், வாக்கியம் அழகாக இருக்கிறது என்று படிப்பவர் மகிழ்வதும் உண்டு. பாட்டைக் கணிப்பொறிக்குக் கொண்டு போவதும் ஒருவகை மொழிபெயர்ப்பே. அந்தப் பொறியில் எந்தத் தாளத்துக்கு இடமில்லையோ, எந்த அசைவுக்குக் குறியில்லையோ, அது சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். ஆகையால் இந்தத் தேர்வு, கடையில் ஒரு பண்டத்தை விலை பார்த்து வாங்குவது போன்றதன்று.

முதலில் டிராக்கர் என்பது யாது என்று பார்ப்போம். கணிப்பொறியின் திரையில் கணக்கப்பிள்ளையின் பேரேட்டைப் போல நெடுக்குப் பத்திகளும் குறுக்கு வரிகளும் தோன்றுகின்றன. ஒவ்வொரு பத்தியும் ஒரு தடம். ஒரு தடத்தில் வயலின், ஒரு தடத்தில் மிருதங்கம், ஒரு தடத்தில் தம்பூரா என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டு மேலிருந்து கீழாக, வரி வரியாக ஓடும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று செய்திகளை எழுதலாம்: எந்தச் சுரம், எந்தக் கருவி, அந்தச் சுரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்ற ஆணை. வரியை வெறுமையாக விட்டால் முந்தின சுரம் நீளும். நம்முடைய சுரதாளக் குறிப்பில் காற்புள்ளி இட்டு நீட்டத்தைக் காட்டுகிறோம் அல்லவா? அதே வேலையை இங்கே வெற்று வரி செய்கிறது. இப்படி எழுதிய ஒரு பகுதியைப் பக்கம் என்று சொல்லலாம். எந்தப் பக்கத்தை அடுத்து எந்தப் பக்கம் ஒலிக்க வேண்டும் என்று தனியே ஒரு பட்டியல் உண்டு. பல்லவியை ஒருமுறை எழுதிவிட்டால், அனுபல்லவிக்குப் பின்னும் சரணத்துக்குப் பின்னும் அதைத் திரும்ப அழைக்க அந்தப் பட்டியலில் ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும். நம் கீர்த்தனையின் அமைப்புக்கு இது எவ்வளவு இயைந்ததாக இருக்கிறது, பாருங்கள்.

இந்த வகை மென்பொருளின் வரலாறு நெடியதன்று. 1985-இல் அமெரிக்காவில் வெளிவந்த அமிகா என்ற கணிப்பொறியில் நான்கு ஒலிகளை ஒரே சமயத்தில் எழுப்பும் சில்லு ஒன்று இருந்தது. அதற்கென்று 1987-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற மென்பொருளைச் செய்தார். டிராக்கர் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 1986-இல், தமிழ்த் திரையில் 'புன்னகை மன்னன்' வெளிவந்தது. கணிப்பொறியின் துணையால் சுரங்களைத் தொடுத்து இசைத்த தொடக்க காலத் தமிழ்ப் படங்களுள் ஒன்றாக அது பேசப்படுகிறது. அதற்கு இசையமைத்த இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், இடுக்கி மலைகளின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. ஆக, ஜெர்மானிய இளைஞர் ஒருவர் தம் பொறியில் வரி வரியாகச் சுரம் எழுதத் தொடங்குமுன்பே, நம் மலையடிவாரத்துக் காது கணிப்பொறியின் ஒலிக்குப் பழகத் தொடங்கிவிட்டது.

நான் எல்லைப் புறத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. வெளிமாநிலங்களில், மாதுங்காவிலும் கரோல்பாகிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழ்கிற நேயர்கள் பலருக்குப் பாலக்காடு பூர்விகமாக இருக்கும். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாலக்காடு கேரளத்தோடு இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. கோடு மாறினாலும் குரல் மாறவில்லை. கல்பாத்தி அக்கிரகாரத்திலும், கொழிஞ்சாம்பாறை வயல்களிலும், மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலும் தமிழ் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இசையைப் பொறுத்தவரை அந்த எல்லைப்புறம் ஏழ்மையானதன்று. செம்பை வைத்தியநாத பாகவதரின் கம்பீரக் குரலும், பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கமும், மஞ்ஞப்பிரையில் பிறந்த எம். டி. இராமநாதனின் விளம்பகாலச் சங்கீதமும் அந்த மண்ணைச் சேர்ந்தவை. மெல்லிசை மன்னர் எம். எஸ். விஸ்வநாதன் 1928-இல் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். அதே ஊர்களின் கோயில் முற்றங்களில் செண்டை மேளமும் பஞ்சவாத்தியமும் முழங்குகின்றன. அட்டப்பாடி மலையில் இருளர் பாட்டு ஒலிக்கிறது. கர்நாடக இசை, செண்டை, பழங்குடிப் பாட்டு, தோட்டத் தொழிலாளரின் பாட்டு ஆகிய நான்கும் ஒரே பேருந்துப் பயணத்தில் காதில் விழக்கூடிய இடம் அது. அங்கே வேர்கொண்ட குடும்பத்துப் பிள்ளை ஒருவன் போபாலிலோ புனேயிலோ உட்கார்ந்து கணிப்பொறியில் பாட்டெழுதப் புகுந்தால், அவன் கையில் கிடைக்கும் பொறி இவற்றுக்கெல்லாம் இடங்கொடுக்குமா? இதைத்தான் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை தாளம்.

டிராக்கர்கள் தோன்றிய காலத்தில் ஒரு பக்கத்துக்கு 64 வரி என்று வைத்தார்கள். மேலைநாட்டு மெட்டுகள் பெரும்பாலும் நான்கின் மடங்காக நடப்பவையாதலால் அது அவர்களுக்குப் பொருத்தமாயிற்று. நம் ஆதி தாளத்துக்கும் அது தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு வரி வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 வரி. இரண்டு ஆவர்த்தனத்துக்குச் சரியாக 64. இந்தப் பொருத்தத்தைக் கண்டு, இது நமக்கென்றே செய்த பொறி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

மிசிரசாபு தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு வரி வைத்தால் 28. இரண்டு ஆவர்த்தனம் 56 வரியில் முடிந்துவிடும்; எட்டு வரி மிஞ்சும். பழைய டிராக்கரில் 56-ஆவது வரியில் 'இங்கே முறித்து அடுத்த பக்கத்துக்குப் போ' என்று ஓர் ஆணை எழுதிச் சமாளிக்கலாம். அது முடியாத காரியமன்று. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் அதை நினைவாக எழுத வேண்டும். இளைஞன் இரண்டு நாள் எழுதுவான். மூன்றாம் நாள் 'நான்கு நடையிலேயே போட்டுவிடலாம்' என்று சலித்துவிடுவான். யாரும் தடுக்காமலே ஒரு தாளம் அவன் கையைவிட்டுப் போய்விடும். இதைத்தான் சத்தமில்லாமல் விடுபடுவது என்று முன்பு குறிப்பிட்டேன்.

இன்னும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. ஆதி தாளத்தில் ஒருவர் சதுசிர நடையில் வாசிக்க, மற்றொருவர் அதன்மேல் திசிரம் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அட்சரத்தை நான்காகவும் பிரிக்க வேண்டும், மூன்றாகவும் பிரிக்க வேண்டும். இரண்டும் ஒரே கட்டத்தில் அமைய அட்சரத்துக்குப் பன்னிரண்டு வரி வேண்டும். எட்டுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு. செண்டை மேளத்துக்கு வாருங்கள். பாலக்காட்டிலும் திருச்சூரிலும் கேட்கும் பஞ்சாரி மேளம் முதற்காலத்தில் 96 அட்சரத்தில் தொடங்கி, 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறுகி, வேகம் ஏறிக்கொண்டே போய் முடிகிறது. இங்கும் 96! 64 வரிக்கு மேல் இடம் தராத பொறியில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத இயலாது.

1994-இல் சுவீடனின் டிரைடன் குழுவினர் வெளியிட்ட 'ஃபாஸ்ட்டிராக்கர் 2' இந்த இடத்தில்தான் பெரிய உதவி செய்தது. ஒரு பக்கத்துக்கு ஒன்று முதல் 256 வரி வரை நாமே வகுத்துக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜெஃப்ரி லிம் செய்த 'இம்பல்ஸ் டிராக்கர்' 200 வரி வரை இடங்கொடுத்தது. தடங்களையும் 64 ஆகப் பெருக்கியது. அவற்றின் வழிவந்த இன்றைய டிராக்கர்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஒரு டிராக்கரைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் அலங்காரங்களைப் பார்ப்பதன்று. பக்கத்தின் நீளத்தை 28 ஆக்கிப் பாருங்கள், 20 ஆக்கிப் பாருங்கள், 96 ஆக்கிப் பாருங்கள். எத்தனை வரிக்கு ஒருமுறை கட்டத்தின் நிறம் மாறித் தட்டைக் காட்ட வேண்டும் என்பதையும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் ஏழுக்கும் மாற்ற முடிந்தால் கண்ணும் தாளம் போடும்.

இரண்டாம் சோதனை கமகம்.

இந்த வானொலியின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அந்த வாத்தியத்தின் மேல் சொல்லப்பட்ட குற்றங்களுள் முக்கியமானது, அதன் சுரங்கள் கட்டையில் அடித்த ஆணி போல நின்றுவிடுகின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல மாட்டா என்பது. தடை சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. குற்றச்சாட்டில் இருந்த இசையறிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டிராக்கரையும் அதே கேள்வி கேட்க வேண்டும்: நீ வழுக்குவாயா?

வழுக்கும். அதற்குத்தான் ஒவ்வொரு கட்டத்திலும் ஆணைக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். சுரத்தை மேலே ஏற்று, கீழே இறக்கு, இந்தச் சுரத்திலிருந்து அந்தச் சுரத்துக்கு இழுத்துச் செல், நின்ற இடத்தில் அசை என்று நான்கு வகை ஆணைகள் பழைய நாளிலிருந்தே உண்டு. ஜாரு என்று நாம் சொல்வதை இழுக்கும் ஆணையாலும், கம்பிதத்தை ஏற்றி இறக்கியும் எழுதலாம். தீட்சிதர் சுரத்தின் மேல் குறியிட்டார். இங்கே சுரத்தின் பக்கத்தில் எண்ணிடுகிறோம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் தேர்ந்தெடுக்கக் கூடாது. அமிகா வழிவந்த பழைய முறையில், ஒரே அளவு ஏற்றச் சொன்னால் மந்திர ஸ்தாயியில் குறைவாகவும் தார ஸ்தாயியில் மிகுதியாகவும் சுரம் நகரும். கீழே அழகாக அமைந்த அசைவை மேல் ஸ்தாயியில் அப்படியே எழுதினால் கோணல் மாணலாக ஒலிக்கும். ஃபாஸ்ட்டிராக்கர் 2 இதற்கு மாற்றாகச் சீரளவு முறை ஒன்றைத் தந்தது. அதன் கணக்கில் ஒவ்வோர் அரைச்சுரமும் 64 சம கூறுகளாகப் பிரிகிறது; எந்த ஸ்தாயியிலும் ஒரே எண் ஒரே அளவு அசைவைத் தரும். நம் சங்கீதத்துக்கு இந்தச் சீரளவு முறை இருந்தே தீர வேண்டும்.

சுருதி விஷயமும் இதோடு சேர்ந்தது. கணிப்பொறி தரும் பன்னிரண்டு சுரங்கள் சம அளவாகப் பங்கிட்டவை. நன்றாகச் சுருதி கூட்டிய தம்பூராவில் நுண்மையாக எழும் அந்தர காந்தாரம், அந்தப் பங்கீட்டுக் காந்தாரத்தைவிட, அரைச்சுரத்தை நூறு கூறாக்கினால் ஏறக்குறைய பதினான்கு கூறு தாழ்ந்தது. காது பழகியவருக்கு இந்த வேற்றுமை தெரியும். கருவிதோறும் சுரங்களை நாமே நுண்மையாகக் கூட்டிவைக்க இடந்தரும் டிராக்கராயின் நல்லது. ஓப்பன் எம்.பி.டி. என்ற மென்பொருளில் அதன் சொந்தக் கோப்பு முறையில் எழுதினால் இந்த வசதி கிடைக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தாளம் கடந்த ஆலாபனையை வரிக்கட்டத்துக்குள் எழுதுவது வீண் முயற்சி. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா 2020-இல் வெளிவந்த 'ஐயப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் பாடி, 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். அத்தகைய குரலின் இழுப்பையும் குழைவையும் எண்களால் எழுதிக் காட்ட முடியுமென்று நான் நம்பவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் குரலையே பதிவு செய்து, நீண்ட ஒலித்துண்டாக ஒரு தடத்தில் வைத்து, மற்றத் தடங்களை அதற்குப் பணிந்து நடக்கச் செய்வதே முறை. பாடியவரிடம் சொல்லி, இசைவு பெற்று, பெயரையும் குறிப்பிட்டே அதைச் செய்ய வேண்டும். மலைக் குடிகளின் பாட்டு யாரும் எடுத்துக்கொள்ளக் கிடக்கும் புறம்போக்கு அன்று.

மூன்றாம் சோதனை நம்மிடம் உள்ள பொறியும் பணமும்.

வீட்டில் பழைய கணிப்பொறிதான் இருக்கிறது என்றால் வருந்த வேண்டியதில்லை. டிராக்கரின் பெருமையே அங்கேதான். விண்டோஸ் உள்ளவர்களுக்கு ஓப்பன் எம்.பி.டி. ஏற்றது. பிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே லாபிக் 1997-இல் வெளியிட்ட 'மாட்பிளக் டிராக்கர்' என்பதன் வழித்தோன்றல் அது. விலையில்லை, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, பக்கத்தின் நீளத்துக்கும் தாராளமாக இடம் தருகிறது. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு 'மில்க்கிடிராக்கர்' உண்டு. அது ஃபாஸ்ட்டிராக்கர் 2-ஐ அடியொற்றியது, அதுவும் இலவசமே. 'சன்வாக்ஸ்' என்பது ரஷ்யாவின் அலெக்ஸாண்டர் சொலொத்தோவ் 2008-இல் வெளியிட்டது. மேசைக் கணிப்பொறிக்கு இலவசம். கைப்பேசிக்குச் சிறு விலை உண்டு. ஒலித்துண்டுகளை மட்டும் நம்பாமல் பொறியே ஒலியை உண்டாக்கும் வசதி அதில் உள்ளது. கணிப்பொறி இல்லாமல் கைப்பேசி மட்டும் வைத்திருக்கிற இளைஞருக்கு அதுவே வழி. 2002-இல் தோன்றிய 'ரினாய்ஸ்' விலைக்குரியது. இன்றைய பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களின் மென்பொருள்களோடு இணைந்து வேலை செய்யக்கூடியது. அதன் முன்னோட்டப் பதிப்பு இலவசம். ஆனால் பாட்டைத் தனி ஒலிக்கோப்பாக வெளியிடும் வசதி அதில் இராது. பழக்கமானபின், தேவையை உணர்ந்தபின் அதை வாங்கலாம். முதல் நாளே வாங்குவது, நீந்தத் தெரியுமுன் படகு வாங்குவது போலாகும்.

மென்பொருளைவிட, அதில் ஏற்றும் ஒலித்துண்டுகளே பாட்டின் சுவையைத் தீர்மானிக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மிருதங்கத்தின் தா, தி, தொம், நம் ஆகிய சொற்களை ஒருவர் நிதானமாக வாசிக்க, கைப்பேசியிலேயே ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரே சொல்லை மெதுவாகவும் அழுத்தியும் மூன்று நான்கு முறை பதிந்துவைத்தால், வாசிப்பு இயந்திரம் போல ஒலிக்காது. சொல்கட்டை வாயால் சொல்லத் தெரிந்தவருக்கு டிராக்கரில் தாளம் எழுதுவது மிக எளிது. ஒவ்வொரு வரியும் ஒரு சொல்லுக்குரிய இடம், அவ்வளவே.

நான்காம் சோதனைதான் வெளியூர்களில் வாழும் நமக்கு மிக முக்கியமானது. எழுதிய பாட்டை எப்படிச் சேமிக்கிறது, எப்படி அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும்.

குறுந்தகட்டுத் தரத்தில் பதிந்த ஒலிக்கோப்பு ஒரு நிமிஷத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். அதைச் சுருக்கி அனுப்பலாம். இருந்தாலும் அது பரிமாறி வைத்த சாப்பாடு. உண்ணலாம், சமையலைக் கற்க முடியாது. டிராக்கர் கோப்பு அப்படியன்று. சுரக்குறிப்பும், ஒலித்துண்டுகளும், ஆணைகளும் ஒன்றாகவே அதில் அடங்கியிருக்கின்றன. பெற்றுக்கொண்டவர் அதைத் திறந்து வரி வரியாகப் படிக்கலாம். இந்த இடத்தில் ரிஷபம் எவ்வளவு அசைகிறது என்று எண்ணிலேயே பார்க்கலாம். மிருதங்கத் தடத்தை மட்டும் நிறுத்திவிட்டுத் தாமே வாசித்துப் பழகலாம். தவறு இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்பலாம்.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். மூணாற்றில் தோட்ட வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவுக்குக் கொழுந்தெடுக்கும்போது பாடிய பாட்டு ஒன்று நினைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் பாடி அனுப்புகிறார். நாக்பூரில் உள்ள பேத்தி அதை ஒரு தடத்தில் வைக்கிறாள். அது என்ன நடையில் போகிறது என்று தட்டிப் பார்த்து, பக்கத்தின் நீளத்தை வகுக்கிறாள். தப்புக்கும் கைத்தாளத்துக்கும் இரண்டு தடம் எழுதி அனுப்புகிறாள். 'மூன்றாவது அடியில் நீ ஓட்டிவிட்டாய், அங்கே மூச்சுவிட வேண்டும்' என்று தாத்தா சொல்கிறார். அவள் இரண்டு வரி கூட்டுகிறாள். பாட்டு இப்படித்தான் கைமாறுகிறது. முன்பு ஒரே திண்ணையில் அடுத்தடுத்து உட்கார்ந்து நடந்த காரியம், இப்போது ஆயிரம் மைல் இடைவெளியில் நடக்கிறது.

இங்கே பேத்தியின் பொறியில் பக்கத்தின் நீளத்தை மாற்ற முடியாதிருந்தால் என்னாகும்? தாத்தாவின் மூச்சு வெட்டுப்பட்டிருக்கும். பாட்டு ஒழுங்காக, சதுரமாக, நன்றாகக்கூட ஒலிக்கும். ஆனால் அது அந்த மலைப்பாட்டாக இராது. சில ஆண்டுகள் கழித்து அந்தச் சதுர வடிவமே மூலம் என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். மூலத்தைத் தெரிந்தவர் அப்போது இருக்க மாட்டார். மொழிபெயர்ப்பில் இத்தகைய இழப்பை நான் நாள்தோறும் எதிர்கொள்கிறேன். ஒரு சொல் விடுபட்டால் அகராதியைப் புரட்டி மீட்டுவிடலாம். ஒரு நடை விடுபட்டால் மீட்பதற்கு அகராதி கிடையாது.

ஆகையால், பலரும் படிக்கக்கூடிய கோப்பு முறையில் சேமிக்கும் டிராக்கரையே விரும்புங்கள். ஃபாஸ்ட்டிராக்கர் 2-இன் கோப்பு முறை 1994-இல் வந்தது. அந்த மென்பொருளை வளர்ப்பது எப்போதோ நின்றுவிட்டது. என்றாலும் அன்று எழுதிய பாட்டுகளை இன்றைய பல டிராக்கர்கள் திறக்கின்றன. மென்பொருள் மறையலாம், முறை பொதுவானதாக இருந்தால் பாட்டு மறையாது. தனி ஒருவரின் பூட்டுக்குள் சேமிக்கும் பொறியைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பூட்டுக்காரர் கடையைக் கட்டும் நாளில் நம் பாட்டும் உள்ளேயே இருந்துவிடும். எந்த டிராக்கரில் எழுதினாலும் முடிவில் ஓர் ஒலிக்கோப்பும், சுரம் எழுதிய ஒரு தாளும் கூடவே வைத்துக்கொள்வது உத்தமம்.

பெற்றோர் சிலர், 'இதெல்லாம் சங்கீதமா? குருவினிடம் கற்பதை விட்டுப் பெட்டியிடம் கற்பதா?' என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. குருவின் இடத்தை டிராக்கர் நிரப்பாது. சுருதி சேர்வதையும், காலப்பிரமாணம் நிற்பதையும் மனிதரிடமிருந்தே கற்க வேண்டும். ஆனால் குரு இல்லாத ஊர்களில் நம்மவர் பலர் பிழைப்புக்காகப் போய்த் தங்கியிருக்கிறார்கள். அங்கே பிள்ளைகளின் காதில் விழுவது அந்தந்த ஊர் மெட்டும், உலகமெங்கும் ஒரே அச்சில் வார்த்த மெட்டுமே. அவர்கள் கையில் வீட்டுப் பாட்டை எழுதிப் பார்க்க ஒரு கருவி இருந்தால், எழுதுவதற்காகவாவது அந்தப் பாட்டைக் கூர்ந்து கேட்பார்கள். ஏழு அட்சரத்தை எண்ணினால்தான் 28 வரி வகுக்க முடியும். எண்ணத் தொடங்கிய பிள்ளை பாதி கற்றவனாகிறான்.

முடிவாக ஒரு யோசனை. டிராக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது அதனோடு வரும் மாதிரிப் பாட்டுகளைக் கேட்டு மயங்க வேண்டாம். அவை அந்தப் பொறிக்கு எளிதாக வருவனவற்றையே காட்டுவன. உங்கள் குடும்பத்தில் வழங்கும் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாலாட்டானாலும் சரி, நலங்கானாலும் சரி, கோயில் மேளமானாலும் சரி. நேரான நான்கு நடையில் போகாத பாட்டாக இருந்தால் மிகவும் நல்லது. அதன் முதலடியை மட்டும் இரண்டு மூன்று டிராக்கர்களில் எழுதிப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். எந்தப் பொறியில் அந்த அடி வளையாமல் வந்து உட்காருகிறதோ, அதுவே உங்களுக்குரிய பொறி. ஊரில் மூத்தவர் யாரேனும் இருந்தால் அவரிடம் அதை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். 'இது நம்ம பாட்டுத்தான்' என்று அவர் சொல்லிவிட்டால், வேறு நற்சான்று வேண்டியதில்லை.